கையைத் துடைத்துவிடுங்கள்

தெருவில் எல்லோருக்கும் அவள் ஜப்பான் அக்கா. இருபது வருடமாக ஆங்கிலத்திலிருந்து ஜப்பானிய மொழிக்கு மொழிபெயர்க்கிறவள். கொஞ்சம் கர்வம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அந்தக் கர்வத்தின் தலையில் ஒரு திங்கட்கிழமை நறுக்கென்று குட்டு விழுந்தது.

துணி துவைக்கும் ராட்சத மெஷின்களுக்கான கையேடு அது. ஆங்கிலத்தில் 'செக்' என்ற ஒரே சொல் பதினேழு இடத்தில் வந்தது. இவளும் பதினேழு இடத்திலும் 'உறுதிசெய்யவும்' என்ற பொருளில் ஒரே ஜப்பானியச் சொல்லைப் போட்டு அனுப்பிவிட்டாள். ஜப்பானில் அதைப் படித்த கம்பெனியின் பொறியாளர் அம்மாள் ரொம்ப மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். 'இலக்கணம் சுத்தம். ஆனால் கையால் என்ன செய்வது என்று எங்கள் ஆட்களுக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் இதையும் அடுத்த நான்கு கையேடுகளையும் வேறொருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.'

வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் மெக்கானிக். அவரிடம் போய் நிற்க அவளுக்கு மனசே வரவில்லை. வேறு வழி?

"பெல்ட்டை செக் பண்ணுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"செக் பண்ணுவேன்."

"அதான் எப்படின்னு கேக்கறேன்!"

"வாயால சொல்ல வராது. நம்ம மெஷினை முன்னால இழு."

இருவரும் குளியலறைச் சுவரிலிருந்து மெஷினை நகர்த்தினார்கள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். கதவை இரண்டு முறை இழுத்தார். குழாய்க்குக் காதையும் மோட்டாருக்கு மூக்கையும் கொடுத்தார். அவள் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, அவர் செய்ததை எல்லாம் ஜப்பானிய மொழியில் எழுதிக்கொண்டே போனாள். அழுத்திப் பார், இழுத்துப் பார் என்று நாம் சொல்வதைப் போலவே ஜப்பானிய மொழியிலும் சொல்வார்கள். இத்தனை வருடம் தெரிந்த விஷயம், அன்றைக்குத்தான் கைகொடுத்தது.

கடைசியில் ஸ்விட்சைப் போடுவதற்கு முன் அவர் வழக்கம்போல அவளுடைய வெள்ளைத் துண்டில் கையைத் துடைத்தார்.

"ஐயோ, அது முகம் துடைக்கிற துண்டு! எத்தனை தடவை சொல்றது?"

"ஈரக் கையோட ஸ்விட்சைத் தொடச் சொல்றியா?"

பதினேழு இடத்திலும் அந்தந்த வேலைக்கான சொல்லைப் போட்டு வியாழக்கிழமை அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது. பதினேழும் சரி. 'ஆனால் ஒன்பதாம் பக்கத்தில், ஸ்விட்சைத் தொடும் முன் கையைத் துடைத்துவிடுங்கள் என்று இருக்கிறதே? ஆங்கிலத்தில் அப்படி ஒரு வரியே இல்லை.'

அவள் அவசரமாக ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அந்த வரி இருந்தது. மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதைவிடப் பெரிய பாவம் இந்தத் தொழிலில் கிடையாது. வீட்டுக்காரர் செய்ததை எழுதுகிற வேகத்தில் துடைத்ததையும் சேர்த்து எழுதிவிட்டிருக்கிறாள்!

பயந்துகொண்டே மீதியைப் படித்தாள். 'எங்கள் ஆட்கள் ஈரக் கையோடுதான் தொடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதியவருக்கு இது தோன்றவே இல்லை. ஆங்கிலத்திலும் சேர்த்துவிட்டோம். மற்ற நான்கும் உங்களுக்கே. நீங்கள் முன்பு எந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தீர்கள்?'

சாயங்காலம் அவர் கையெல்லாம் கிரீஸோடு வந்தார். அவள் வெள்ளைத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"பேசாம துடைங்க."

அவர் சந்தேகத்தோடு ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துண்டு கறுத்துக்கொண்டே போனது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.