கம்பியில் மூன்று தட்டு

பேச்சில்லாத நோயாளியிடமும் பேச வேண்டும் என்பது நர்ஸிங் படிப்பில் எனக்குப் பிடித்த பாடம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. கட்டிலோரம் உட்கார், கண்ணுக்கு நேராகப் பார், என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லிவிட்டுச் செய். நோயாளிக்கும் நர்ஸுக்கும் உறவு படிப்படியாக வளரும் என்று புத்தகத்தில் கட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். பரீட்சையில் அதை அழகாகவே வரைந்தேன். அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது: உன் பாரத்தை நோயாளி மேல் இறக்கி வைக்காதே. அதை அடிக்கோடிட்டதோடு சரி.

ராயபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் எனக்குப் பிற்பகல் டூட்டி. அங்கே ஒரு அம்மா. காசிமேட்டில் மீன் விற்றவர், ஐம்பதைத் தாண்டியிருப்பார். ஏலத்தில் விலை கேட்டுக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டாராம். பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மூக்கு வழியாகக் குழாய், அதில் கஞ்சித் தண்ணீர். இடது கை மட்டும் அசையும். அந்தக் கையில் ஒரு வெள்ளி மோதிரம். விரல் வீங்கியிருந்ததால் சோப்பு போட்டும் கழற்ற வரவில்லை. மகள் காலையில் வந்து பார்த்துவிட்டு மீன் கூடையோடு போய்விடுவாள். பிற்பகலில் அவருக்கு நான்தான்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் பேசினேன். திருப்பிப் படுக்க வைக்கிறேன்மா, வலிச்சா கண்ணை மூடுங்க. கும்மிடிப்பூண்டி வண்டி இன்னிக்கும் லேட். திருவொற்றியூரில் எங்கள் அப்பா கடை வாசலில் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. அவர் கண் என் மேலேயே இருக்கும். கையை இறுக்குங்கள் என்றால் சில நாள் இறுக்குவார், சில நாள் மாட்டார். உள்ளே யாரும் இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

பேச விஷயம் தீர்ந்துபோன ஒரு நாள், பஞ்சால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், வேறொரு ஆஸ்பத்திரியில், ஒரு பெரியவர் என்னை மூன்று முறை கூப்பிட்டார். சிஸ்டர். சிஸ்டர். சிஸ்டர். நான் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். இதோ வரேன் என்றேன். எழுதி முடித்தேன், பேனாவை மூடினேன், போனேன். அதற்குள் உயிர் போயிருந்தது. முன்னாடியே போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது என்பதை மட்டும் நான் சொல்லவே இல்லை.

இதை அந்த அம்மாவிடம் கொட்டியதும் மனசு லேசாகிவிட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மூன்று மணி வாக்கில், பார்வையாளர்கள் எல்லாம் போய் வார்டு அடங்கியிருந்தது. துறைமுகத்துக் கரித்தூள் படிந்த ஜன்னலோரம் என் மேஜை. எழுத உட்கார்ந்தேன். டங். டங். டங். மோதிரத்தால் கட்டில் கம்பியில் தட்டுகிறார். ஓடிப்போய்ப் பார்த்தேன். துணி ஈரமில்லை, டிரிப்ஸ் சரியாக ஓடுகிறது, குழாயும் சரி. அவர் என்னைப் பார்த்தார், கையை இறக்கிக்கொண்டார். திரும்பி வந்து பேனாவைத் திறந்தேன். மறுபடியும் மூன்று.

நான் எழுதும்போது மட்டும்தான் தட்டுகிறார் என்பதை மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். மருந்து எடுத்துவைக்கும்போது தட்டவில்லை. போன் பேசும்போது தட்டவில்லை. பேனாவைத் திறந்தால் தட்டு, அதுவும் சரியாக மூன்று. அந்தப் பெரியவர்தான் இங்கே வந்து படுத்திருக்கிறார் என்று தோன்றியது. படித்த நர்ஸுக்கு இப்படியெல்லாம் தோன்றலாமா? தோன்றியதே. நாடி பார்க்க அவர் மணிக்கட்டைத் தொடவே கூசினேன். ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். அங்கேயும் கேட்டது.

ஆறாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. தட்டு கேட்டதும், கூட இருந்த இளைய சிஸ்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

போய்விட்டு வந்து, "ஒன்னியும் இல்லக்கா, சும்மா தட்டிகினு கீறாங்க" என்றாள்.

மறுபடியும் மூன்று தட்டு. நான் தலையைத் தூக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

மறுநாள் தட்டே இல்லை. அப்பாடா என்று ஒரு கேஸ் ஷீட்டை முழுசாக முடித்தேன். அடுத்ததை எடுத்தபோது பேனா நகரவில்லை. என் காது அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எழுந்து போனேன்.

கஞ்சி முழுக்க வாந்தியாகி வாயிலும் கழுத்திலும் வழிந்திருந்தது. மூச்சு அடைத்து உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. இடது கை கம்பி மேலேயே இருந்தது, மோதிரம் இரும்பைத் தொட்டபடி. தட்டவில்லை. கண் மட்டும் நான் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருக்களித்துப் புரட்டி, சக்‌ஷன் போட்டு உறிஞ்சி எடுத்தேன். மெல்ல அவர் நிறம் திரும்பியது.

மூன்று வாரம் கழித்துப் பேச்சு வரத் தொடங்கியது. முதலில் தண்ணி. அப்புறம் மகள் பேர். ஒரு பிற்பகல் என் மணிக்கட்டைப் பிடித்தார். திக்கித் திக்கித்தான் பேசினார், நான் சேர்த்து எழுதுகிறேன்.

"அந்த ஆளு மூணு வாட்டி கூப்ட்டாருன்னியே."

குனிந்து கேட்டேன். "எல்லாம் கேட்டுச்சாம்மா?"

"வாயிதான் போச்சு. காது நல்லாத்தான் கீது. எய்த குந்துனா வரமாட்டேன்னு நீதான சொன்ன. பயந்துகினு கெடந்தேன். அதான், வரியா இல்லியான்னு தட்டித் தட்டிப் பாத்தேன்."

"வாந்தி வந்தப்ப ஏம்மா தட்டல?"

"அதுக்கு மொத நாளு தட்டுனனே. வந்தியா?"

பேய் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அந்த அம்மா என்னைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அங்கேயே அழுதேன். அவர் மணிக்கட்டை விடவில்லை.

"அந்தாளுக்கு மூணு வாட்டி கூப்புட மூச்சு இருந்துச்சு. எனுக்கு ஒரு வாட்டிக்குத்தான் இருக்குன்னு வையி. வருவியா?"

"வரேம்மா."

மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். நம்பவில்லை.

பிரியும் நாளுக்கு நோயாளியைத் தயார்ப்படுத்த வேண்டும் என்பது புத்தகத்தில் கடைசிக் கட்டம். அவருக்கு அது தேவைப்படவில்லை. டிஸ்சார்ஜ் அன்று மகள் வந்து துணிமணிகளைக் கட்டினாள். நான் மருந்துகளை விளக்கிச் சொல்லிவிட்டு, மேஜைக்கு வந்து மற்ற நோயாளிகளின் ஷீட்டுகளை எழுத ஆரம்பித்தேன். நிறைய பாக்கி இருந்தது.

டங்.

ஒரே ஒரு தட்டு. எழுந்து போனேன். கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை எடுத்து, மெத்தையைத் துடைத்த ஈரம்கூடக் காய்ந்திருந்தது.

"அவங்க அப்பவே ஆட்டோல பூட்டாங்களேக்கா, இந்நேரம் வூடு போய் சேந்துருப்பாங்க" என்றாள் இளைய சிஸ்டர்.

கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். என் கையில் பேனா திறந்தே இருந்தது.