ஓசூரின் முதல் தொகுப்பாளினி

மாதேஸ்வரியைப் பற்றி இதுவரை மூன்று முறை பத்திரிகையில் வந்திருக்கிறது. முதலில் 'காந்தக் குரல் நாயகி'. அடுத்து 'சின்னத்திரைத் தென்றல்'. கல்லூரி வானொலிக்கு மாறிய பிறகு 'பன்முகத் திறமையாளர்'. மூன்றையும் படித்தாலும் அவர் என்னதான் செய்தார் என்று யாருக்கும் விளங்காது.

அவர் செய்தது இதுதான். இருபது வருடத்துக்கு முன்பு, ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று இருந்தது. அங்கே மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்து, போனில் கேட்பவர்களுக்குப் பாட்டுப் போடுவார். கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் தெற்கத்தி ஊர்களிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். வேறு சேனல்களில் எந்த ஊர் என்று கேட்பார்கள். இங்கே "எந்த ஷிஃப்ட்டுங்க?" என்றுதான் பேச்சு தொடங்கும். இரவு ஷிஃப்ட்காரருக்கு முதலில் பாட்டு. அவர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே. கன்னடத்தில் கேட்டால் கன்னடம், தெலுங்கில் கேட்டால் தெலுங்கு. நடுவில் சேதியும் சொல்வார்: "மானாமதுரை தங்கதுரை, உங்க தங்கச்சிக்குக் கொழந்த பொறந்திருக்காம். வீட்டுக்குப் பேசுங்க." ஸ்டுடியோ விளக்குகளின் சூட்டில் பவுடர் வழிந்தபடி உட்கார்ந்திருந்த மாலைகளைப் போல அதன் பிறகு எதுவும் வாய்க்கவில்லை.

இந்த மாதத்தோடு வானொலி வேலையும் முடிகிறது. இனி யாரும் எழுதப்போவதில்லை என்று நினைத்திருந்தபோதுதான் நிருபர் சுரேந்தர் பேட்டி எடுத்துப்போனான். மறுநாள் போன் செய்தான்.

"அக்கா, தலைப்பு போட்டாச்சு. 'ஓசூரின் முதல் தொகுப்பாளினி'. அரைப் பக்கம், கலர் போட்டோ."

"சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகுதான் அந்த 'முதல்' உறுத்தியது.

கேபிள் சேனலின் அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவள் வினிதா. ஆறு மாதம். ஷிஃப்ட்டைக் கேட்கும் வழக்கமே அவளுடையது. காவேரிப்பட்டினத்தில் சம்பந்தம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார், டிவியில் முகம் காட்டக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அவளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதியதில்லை.

மாதேஸ்வரி அவளைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"போட்டுக்கோடி. நான் என்னா கேஸா போடப்போறேன்?" வினிதா சிரித்தாள். "ஏன்டி, அதுல எம்பேரு எங்கியாச்சும் வருதா?"

மாதேஸ்வரியின் அடுத்த போன் சுரேந்தருக்கு.

"தம்பி, முதல் ஆளு வினிதா. நான் ரெண்டாவது. அப்படியே எழுதுங்க."

"ரெண்டாவதுன்னா அரைப் பக்கம் தர மாட்டாங்கக்கா. 'முதல்'னு இருந்தாத்தான் செய்தி."

"குடுக்கிற எடத்துல போடுங்க. எம்போட்டோவ வேணா எடுத்துடுங்க, அவ பேர எடுக்காதீங்க."

"நல்லா யோசிச்சுக்கங்க."

"யோசிச்சுட்டுதான் தம்பி பேசறேன்."

ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் கடைசிப் பக்கத்தில், ஒரு மாங்கன்று விளம்பரத்துக்கு மேலே ஏழு வரி வந்தது. படம் இல்லை. ஓசூரின் முதல் தொகுப்பாளினி வினிதாவுக்கு அடுத்து வந்தவர் மாதேஸ்வரி என்றிருந்தது. காந்தக் குரலும் எப்படியோ நுழைந்திருந்தது.

மாதேஸ்வரிக்கு மனசு கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. அரைப் பக்கம் அரைப் பக்கம்தானே.

பத்து மணிக்கு வினிதா கூப்பிட்டாள்.

"எம் மாமியாரு ரெண்டு தடவ படிச்சிட்டாங்கடி. இப்ப மூணாவது தடவ, பக்கத்து வூட்டுக்காரங்களுக்குப் படிச்சிக் காட்டிகினு இருக்காங்க."