வெள்ளெருக்குக்கு ஊற்றிய தண்ணீர்

ஒடுகத்தூர் வீட்டு வாசலில் போன வாரம் நான் நட்ட வெள்ளெருக்குக் கிளை வாடி நிற்கிறது. மகள் ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு வந்து இரண்டு சொட்டு விட்டாள். ஈர மண் வாடை எழுந்ததுமே நான் மறுபடி சிறுமியாகி நெல்லிவாசல்நாட்டு அம்மா வீட்டில் இருந்தேன்.

அடுத்த சதுர்த்திக்காவது சொந்தப் பூவையே பிள்ளையாருக்குச் சாத்த வேண்டும் என்று அம்மா ஒரு கிளையை வெட்டி வந்தாள். வெட்டிய இடத்தில் பால் காயும்வரை நிழலில் போட்டுவைத்து, பிறகு சரளை மண்ணில் நட்டாள். இலையைத் தொட்டால் வெள்ளை மாவு விரலில் ஒட்டியது. தாகத்தில்தான் இப்படி வெளுத்துவிட்டது என்று எண்ணி, தினமும் சுனையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் ஊற்றினேன்.

பத்தாம் நாள் கிளை சாய்ந்தது. அம்மா பிடுங்கிப் பார்த்தாள். அடி கறுத்து அழுகியிருந்தது. என் பாவாடையில் சேறு.

"இன்னாடி பண்ண?"

"வெளுத்துப் போச்சேன்னு தண்ணி ஊத்தனேம்மா."

"அதுக்கு நெறமே அதான்டி!"

அடுத்த சதுர்த்திக்கும் பக்கத்து வீட்டில் பூ கேட்டுத்தான் சாத்தினோம்.

"காஞ்சி பூடும்மா" என்றாள் மகள், ஓஸை இன்னும் கீழே போடாமல்.

"வாடட்டும். வேர் வுடற வரைக்கும் ஊத்தக் கூடாது."

குழாயின் திருகுபிடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, முடிச்சை இன்னொரு முறை இறுக்கினேன். மகள் ஊற்றிவிடுவாள் என்று பயந்து அல்ல. ஊற்றத் துடிப்பது இன்னும் என் கைதான்.