இந்த வழியால் போனவர்

அருட்பிரகாசத்தார் சமையலறைக்குள் திரும்பும்போதுகூட வலது கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். சைக்கிள் ஓட்டி ஓட்டி வந்த பழக்கம். அடுப்படியில் நிற்கும் மனைவி இம்மாகுலேற், "பின்னால லொறி ஒண்டும் வரேல்லை, வாங்கோ," என்பார். லண்டன் எட்மண்டன் பகுதித் தமிழர்களில் கார் வாங்காத குடும்பத் தலைவர் அவர் ஒருவர்தான் என்று ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்பவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மழையோ பனியோ, ரை கட்டிக்கொண்டு கவுன்சிலில் கிளாக்கர் வேலைக்கு மிதித்துக்கொண்டு போவார்.

கோடை வந்தால் வேலையிடத்து நண்பர் எட்வேட்டின் சைக்கிள் குழுவோடு தூர ஓட்டம் போவார். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அரைக் காற்சட்டையில் நிற்க, இவர் மட்டும் மடிப்புக் கலையாத நீளக் காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகியிருப்பார். "நாலு சனம் பாக்கிற றோட்டு. முழங்காலைக் காட்டிக்கொண்டு போகேலுமே?" என்பது அவருடைய நியாயம்.

எங்கே போவது என்ற பேச்சில் வாயே திறக்காத இந்த மனிதர், தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடையில் தானாக முந்திக்கொண்டு யோசனை சொன்னார். கப்பலில் போய் பிரான்ஸின் டியெப் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரே நாளில் ரூவான் நகரத்துக்கு ஓடலாம். அங்கே பழைய பெரிய கோயில் ஒன்று இருக்கிறதாம். எட்வேட் நம்பினார். இம்மாகுலேற் நம்பவில்லை. அருட்பிரகாசத்தாரின் ஒரே தங்கை றோஸ்மலர் இருப்பது ரூவானில்தான்.

அண்ணனும் தங்கையும் பேச்சை விட்டு இரண்டு வருஷம். தங்கை மகளின் கலியாணத்துக்கு அழைப்பு தபாலில் வந்தது. தாய்மாமனுக்கு நேரில் வந்து சொல்லவேண்டும். கடல் தாண்டி வர முடியாவிட்டால் போனிலாவது ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கலியாண அவசரத்தில் றோஸ்மலருக்கு அது விட்டுப்போயிற்று. இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "கலியாணக் காட்டைக் கொண்டுவந்து தந்தது தபால்காரன். அப்ப தபால்காரன்ர வீட்டுக் கலியாணமாக்கும் எண்டு இருந்திட்டன்," என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லும்போது சிரிப்புத்தான். ஆனால் கலியாணத்தன்று ஒரு பிடி சோறு தின்னாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்ததும் அவர்தான். தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் யாரும் நிற்காததை றோஸ்மலரும் மறக்கவில்லை. அவளும் போன் எடுக்கவில்லை.

கூப்பிடாத வீட்டுக்கு இவர் போகமாட்டார். அது தங்கை வீடானாலும் அப்படித்தான். ஆனால் தற்செயலாக அந்தத் தெருவால் சைக்கிளில் போகிற மனிதரை யார் என்ன சொல்ல முடியும்?

புறப்படும்போது இம்மாகுலேற் இரண்டு கிலோ வறுத்த மிளகாய்த்தூளைப் பையில் வைத்தார்.

"ஒரு நாள் ஓட்டத்துக்கு எனக்கேனப்பா இவ்வளவு?"

"பிரெஞ்சுக்காரன்ர சாப்பாடு உறைக்காது. தூவிச் சாப்பிடுங்கோ."

சொன்னவரும் கேட்டவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டியெப்பில் வாகனங்கள் வலப்பக்கத்தால் ஓடின. எந்தக் கையை நீட்டுவது என்று அருட்பிரகாசத்தாருக்குக் குழம்பிவிட்டது. இரண்டையும் மாறிமாறி நீட்டியதில் பின்னால் வந்த எட்வேட் வேலிக்குள் போய் விழப் பார்த்தார். பிறகு நாட்டுப்புறத்து ஒழுங்கைகள் வந்தன. நீலமாகப் பூத்துக் கிடந்த ஆளி வயல்கள், அப்பிள் மரங்களின் கீழே அசைபோடும் மாடுகள், ஊருக்கு ஒரு கூர்க்கோபுரக் கோயில். கோயிலைக் கண்ட இடமெல்லாம் இவர் கையை விட்டுச் சிலுவை போட்டதால் சைக்கிள் அடிக்கடி கோணியது. வாசலில் நின்ற பிரெஞ்சுக் கிழவி ஒருத்தி உற்சாகமாக ஏதோ கத்தினாள். "ஓம் ஓம், சுகந்தான்," என்று பதில் சொல்லிவிட்டுப் போனார்.

போகப்போக மிதி தளர்ந்தது. சாப்பிட நின்ற இடத்தில் இம்மாகுலேற் கட்டிக்கொடுத்த றோல்ஸைக் கையில் வைத்திருந்தாரே தவிரக் கடிக்கவில்லை. ஏற்றம்தான் களைக்கச் செய்துவிட்டது என்று எட்வேட் நினைத்தார். ஏற்றம் இல்லை, பயம். கதவைத் திறந்து அவள் முகம் கொடுக்காவிட்டால்? ஐம்பத்தைந்து வயதில் கூடப்பிறந்தவளின் வாசலிலிருந்து திரும்பி வருவதை அவரால் தாங்க முடியாது.

பின்னேரம் ஒரு வளைவில் ரூவான் கீழே தெரிந்தது. ஆறும் கூரைகளும் பெரிய கோயிலின் கோபுரமும் வெயிலில் கிடந்தன. மற்றவர்கள் கூவிக்கொண்டு இறக்கத்தில் பறக்க, இவர் இரண்டு பிறேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி இறங்கினார். விடுதி வாசலில், கோயிலைப் பார்த்துவிட்டு வருவதாக எட்வேட்டிடம் சொன்னார். பிறகு கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதித்தார்.

றோஸ்மலரின் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அருட்பிரகாசத்தார் யன்னலைப் பார்க்காமல், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு அவள் வீட்டைத் தாண்டிப் போனார். தெருமுனையில் திரும்பி வந்தார். ஒரு பூனைகூடக் குறுக்கே வராத தெருவில் மணியை அடித்துக்கொண்டு மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார். பக்கத்து வீட்டு நாய் மட்டும் அவரை விசாரித்தது. கடைசியில் தங்கை வீட்டுக்கு நேரே இறங்கி நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்து முன்சில்லின் வால்வைத் திருகினார். காற்று சீறிக்கொண்டு போய் முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கதவைத் தட்டினார்.

திறந்த றோஸ்மலருக்கு மூச்சு வாங்கியது. மேல்மாடியிலிருந்து ஓடி வந்திருக்கவேண்டும்.

"சைக்கிளுக்குக் காத்துப் போயிட்டுது," என்றார் அண்ணன். "சும்மா இந்த வழியால போய்க்கொண்டிருந்தனான்."

"ஓம் அண்ணை. நீங்கள் முதல்தரம் போகேக்கையே யன்னலால பாத்தனான்," என்றாள் தங்கை.

அருட்பிரகாசத்தார் சில்லைப் பார்த்தார். "பம்ப் கிடக்கு. காத்தை அடிச்சிட்டு நான் போறன்."

றோஸ்மலர் செருப்பில்லாத காலோடு தெருவில் இறங்கினாள். சைக்கிள் சட்டத்தில் மாட்டியிருந்த பம்பை இழுத்தெடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவைச் சாத்தாமல் உள்ளே போனாள்.