தெருக்கோடிக் குழாய்

அந்தக் குடியிருப்பு எந்த ஊராட்சியிலும் சேராது. கிழக்கே கேட்டால் மேற்கைக் காட்டுவார்கள், மேற்கே கேட்டால் கிழக்கை. தண்ணீரும் தெருவிளக்கும் அவரவர் பாடு. பதினாறு வீட்டுக்காரர்களும் சேர்ந்து தொட்டி கட்டி முடித்த அன்று, வால்வைத் திறந்து மூட யார் என்று பேச்சு வந்தது. வாயைத் திறக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அன்று முதல் அவர் பெயர் வால்வுக்காரர். கல்யாணம் கைகூடவில்லை, வால்வுதான் வாய்த்தது.

முப்பத்தோரு வருடத்தில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. மிச்சம் இரண்டுதான். தொட்டியடியில் அவர் வீடு, தெருக்கோடியில் அண்ணி வீடு. அண்ணி என்றால் கூடப்பிறந்த அண்ணன் மனைவி இல்லை, பெரியப்பாவின் மூத்த மகன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். அண்ணியோடு பேச்சு நின்று ஒன்பது வருடம். "உங்க தண்ணியில துரு வாடை அடிக்குது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். மாதம் தவறாமல் தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிற மனிதருக்கு அது பொறுக்குமா?

பேச்சுத்தான் இல்லை. காலை ஆறுக்கு வால்வைத் திறந்துவிட்டு, மோட்டார் அறையில் குழாயின் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஆறே காலுக்கு முள் ஒரு நூல் இறங்கும். அண்ணி குழாயைத் திறந்துவிட்டாள், ஆள் நன்றாக இருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவருக்குக் காப்பி தொண்டையில் இறங்கும்.

ஒரு நாள் ஏழு மணியாகியும் முள் அசையவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தார். வழியெல்லாம் பூட்டு.

அண்ணி வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டி வைத்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க கொழுந்தனாரே. தண்ணி வருதான்னு பாக்க வந்தீங்களா, நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தீங்களா?"

"தண்ணி நல்லாத்தான் வருது."

"துருவோடதான். சொல்லாமப் போக மனசு வரல. குழாயைத் திறக்கலேன்னா வருவீங்கன்னு தெரியும். பத்து மணிக்கு மகன் வண்டி கொண்டு வரான், இனிமே அவன் வீட்லதான். நீங்களும் கிளம்புங்களேன். பேரப்பிள்ளைங்க சின்னத் தாத்தான்னு கூப்பிட்டுட்டுக் கிடக்கும்."

"நான் வந்துட்டா தண்ணி யாரு விடறது?"

"யாருக்கு?" என்றாள் அண்ணி.

அவர் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் ஆறுக்கு வால்வைத் திறந்தார். ஆறே கால் ஆயிற்று. முள் நின்ற இடத்தில் நின்றது. எழுந்து தெருக்கோடி வரை நடந்தார். அண்ணி வீட்டு வாசல் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தார்.

துரு வாடை இருக்கத்தான் செய்தது.