கரையில் நின்று கேட்ட எஞ்சின்

டுப்... டுப்... டுப்டுப்... எங்கள் கல்லூரி விடுதிச் சுவருக்கு அப்பால் ஒரு கிணற்று எஞ்சின் விடியற்காலையில் இப்படித்தான் ஓடும். யாப்பிலக்கணத் தேர்வுக்கு நான் விரல்விட்டு அசை எண்ணிப் பழகியது அந்தச் சத்தத்தை வைத்து. ஒருநாள் அது தளை தட்டிய வெண்பா மாதிரி நடுவில் தடுமாறியது. தண்ணீர் விடுகிறவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். மறுநாள் எஞ்சின் நின்றுபோய், விடுதியில் ஒருவர்கூடக் குளிக்கவில்லை.

டீசல் எஞ்சின் உதிரிபாகம் விற்கிறவருக்கு முதலில் வேண்டியது காது. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, மதுரையில் உதிரிபாகக் கடை வைத்திருந்தவரைக் கல்யாணம் செய்து, அவர் போனபிறகு பதினெட்டு வருடமாக அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். பழைய பொருளை நம்பி வாங்கி, பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறவர்களே, நான் உங்கள் கட்சி. கேளுங்கள்.

கடையில் யாரும் இல்லையா?

பரவை மார்க்கெட் பக்கமிருந்து ஒருவர் கையில், எஞ்சினுக்குள் டீசல் தெளிக்கும் நாசிலோடு வந்தார். நான் கல்லாவில் இருக்கிறேன், மின்விசிறிக்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு. "கடையில யாரும் இல்லையா?" என்றார். நான் இருக்கிறேன் என்றேன். கடையை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார்.

எஞ்சின் எப்படிப் புகைகிறது என்று கேட்டேன். கறுப்பு, வேகம் ஏறும்போது இருமல் மாதிரி என்றார். நாசில் தெளிக்காமல் சொட்டுகிறது, மாற்ற வேண்டும் என்று சொல்லி, புதியதை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. என் தலைக்கு மேல் மாலை போட்டுத் தொங்கிய என் கணவர் படத்தை மரியாதையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரிதாம்மா, எதுக்கும் ஐயா வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

மாடு பார்த்த கண்

சோலைராஜ் எழுமலைக்காரன். கிணற்று எஞ்சினுக்குச் சாமான் வாங்க வந்து பழகியவன். என்னைப் பெரியம்மா என்பான். திருப்பூரில் வேலை பார்த்தபோது கடற்கரை ஊர்ப் பெண் செல்வியைக் கட்டிக்கொண்டு அவள் ஊரிலேயே தங்கிவிட்டான். ஏழெட்டு வருடமாக அடுத்தவர் படகில் ஆளாகப் போகிறான். இப்போது சொந்தப் படகு வேண்டும். புதியதற்கு வழியில்லை. பழைய டீசல் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எழுமலை நிலத்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்கப் போகிறேன் என்றான்.

அந்த நிலம் ஒன்றரை ஏக்கர். அவன் அப்பா வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்று கடைசியில் வாங்கியது. அந்தக் குடும்பத்தில் பட்டா என்ற காகிதத்தைத் தொட்ட முதல் கை அவருடையது. நிலத்தைத் தொடாதே என்றேன். அப்பா செத்ததிலிருந்து அது தரிசாகக் கிடக்கிறது பெரியம்மா என்றான்.

கூடவே தரகர் மணி வந்திருந்தார். மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். சந்தை சுருங்கியதும் டிராக்டர், போர்வெல் வண்டி, படகு என்று எதற்கும் கிளம்பிவிட்டார். என் கடையில், என் கண் முன்னாலேயே, தோள் துண்டை விரித்து அதற்குக் கீழே சோலைராஜின் விரல்களைப் பிடித்து விலை சொன்னார். நான் பார்த்துவிடக் கூடாதாம். எதுவானாலும் வாயால் சொல்லுங்கள், இது சந்தை இல்லை என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "தாயி, அம்புட்டு மாட்டுக்கும் சுழி பார்த்த கண்ணு இது. அந்தப் படகையும் நாலு பக்கமும் பார்த்துட்டேன், ஒரு கெட்ட சுழி கிடையாது."

மயில்

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, முதல் அடியிலிருந்து பதிவு பண்ணி வாட்ஸப்பில் அனுப்புங்கள். ஆறின எஞ்சின் பொய் சொல்லாது. தேய்ந்துபோனது எதுவானாலும் முதல் ஒரு நிமிஷத்தில் முனகிவிடும்.

இரண்டு நாளில் பதிவு வந்தது. அருமையான சத்தம். ஆனால் அது ஒற்றைச் சிலிண்டர். படகில் இருப்பது இரட்டைச் சிலிண்டர் என்று மணியே சொல்லியிருந்தார். பின்னணியில் வாய்க்காலில் தண்ணீர் விழுகிற சத்தம். அதற்கும் பின்னால், நீளமாக, இரண்டு முறை, ஒரு மயில் அகவியது. சோழவந்தான் பக்கத்துத் தோப்பில் எவருடைய மோட்டார் கொட்டகையிலோ நின்று எடுத்திருக்கிறார்கள்.

சோலைராஜுக்குப் போட்டுக் காட்டினேன். அவனும் சிரித்தான். சிரித்தானே தவிர மணியை விடவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிய பத்து நாள்தான் இருந்தது. எல்லாப் படகும் கடலுக்குக் கிளம்பும் நாளில் தன் படகும் கிளம்ப வேண்டும் என்று அவன் நினைப்பெல்லாம் தண்ணீரில் இருந்தது. மணியைக் கூப்பிட்டு, கடலில் மயில் எங்கே வந்தது என்று கேட்டேன். ஒரு நொடி கூடத் தயங்கவில்லை: "அது பக்கத்துல நின்னவன் ரிங்டோன்மா."

ஏறக்கூடாது

சரி, நேரிலேயே கேட்டுவிடுகிறேன் என்று பஸ் ஏறினேன். மதுரையிலிருந்து மூன்று மணி நேரம். மூட்டு வலி வேறு. படகுத் துறையில் செல்வி காத்திருந்தாள். பக்கத்தில் சோலைராஜும் மணியும் நின்றார்கள். படகு புது நீலப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. கரையை ஒட்டியிருந்த படகுப் பலகையில் செல்வி கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். நகம் சோப்பில் இறங்குவதுபோல் இறங்கியது. "மரம் உளுத்துருக்கு பெரியம்மா. நான் சொன்னா இவரு கேக்கமாட்டேங்காரு" என்றாள்.

படகுக்குப் போகிற பலகையில் ஒரு காலை வைத்தேன். படகின் சொந்தக்காரர் மேலிருந்து கையை நீட்டி மறித்தார். "பொம்பளைங்க ஏறக் கூடாதும்மா. கடல் மாதா கோவிச்சுக்கும்." மாதாவே பெண்தானே ஐயா என்றேன். அவர் கை இறங்கவில்லை. சோலைராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அந்த எஞ்சினில் இருந்த நாசிலும் கேஸ்கட்டும் என் கடை மாதிரி ஒரு கடையில், என் கை மாதிரி ஒரு கை எடுத்துக் கொடுத்தவை. அவை ஏறலாம். நான் ஏறக் கூடாது.

அவனுடைய நல்ல காரியத்தில் சண்டை வேண்டாம் என்று காலைப் பின்னால் எடுத்தேன். அந்த ஒரு அடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது. அதற்குப் பெயர் பெரியமனுஷத்தனம் இல்லை, கோழைத்தனம். செல்வி என் கையைப் பிடித்து மணலில் இறக்கிவிட்டுச் சொன்னாள்: "விடுங்க பெரியம்மா, இதுல வர்ற மீனை மட்டும் நம்ம தலையில ஏத்திக்கலாமாம்."

நல்ல நேரம்

சோலைராஜைப் படகில் ஏறி எஞ்சினை ஓட்டச் சொன்னேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. மணலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இரண்டு சிலிண்டரும் மாறி மாறி, அளவெடுத்த மாதிரி அடித்தன. அவ்வளவு சுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. "சோலை, எஞ்சின் மேல கையை வச்சுப் பாருப்பா, சூடா இருக்கா?" என்று கத்தினேன். "கொதிக்குது பெரியம்மா" என்றான்.

நாங்கள் வருவதற்கு முன்பே ஏன் ஓட்டினீர்கள் என்று கேட்டதற்கு மணி கும்பிடு போட்டார். நல்ல நேரம் ஒன்பதரைக்கு முடிகிறதாம். நீங்கள் வருகிற நேரம் ராகுகாலம் ஆகிவிடுமாம். அதனால் முன்கூட்டியே எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் ஏற்றி ஓட்டிவைத்தார்களாம். ஆயில் குச்சியை எடுத்துவரச் சொன்னேன். சூட்டில் எந்த எண்ணெயும் தண்ணீராகத்தான் இருக்கும்; விரலில் தேய்த்துப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. இன்று ராத்திரி ஆறட்டும், நாளைக் காலை ஓட்டிக் கேட்கிறேன், இங்கேயே தங்குகிறேன் என்றேன். நாளைக்கு அஷ்டமி என்றார். அடுத்த நாள்? நவமி. அதற்கு அடுத்த நாள் படகை வாங்க வேறு ஆள் வருகிறாராம். சூடான எஞ்சினுக்கு முன்பக்கம் ராகுகாலம், பின்பக்கம் அஷ்டமி. காலண்டரையே கதவாகப் போட்டுச் சாத்தியிருந்தார்கள்.

"இப்ப சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆறினப்புறம் கேக்காம வாங்காதே" என்று சோலைராஜிடம் சொன்னேன். இரண்டு வாக்கியம். எனக்கு அவை ஒன்று. மணி துண்டை விரித்துவிட்டார்: "கேட்டியா மாப்ள, பெரியம்மாவே சத்தம் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. கையைக் கொடு!"

பவுடர் டப்பா

நிலத்தை விற்றுப் படகை வாங்கிவிட்டான். மூன்றாவது தடவை கடலுக்குப் போனபோது எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. உளுத்த பலகையின் வழியே தண்ணீர் வேறு ஏறியது. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் நான்கு பேர் மாறி மாறி வாளியால் இறைத்துக்கொண்டு மிதந்தார்கள். வேறொரு படகுக்காரர்கள் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அந்தப் பகல் முழுக்கச் செல்வி கரையில் நின்றிருக்கிறாள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துச் சோலைராஜ் ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினான். கழற்றிய பேரிங்குகள். அவற்றில் ஒட்டியிருந்த எண்ணெய் பாகு மாதிரி இழுத்தது. சத்தத்தை அமுக்குவதற்காகக் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு அது ஆறிக் கிடந்திருந்தால் எஞ்சின் சுற்றத் திணறியிருக்கும், நான் கண்டுபிடித்திருப்பேன். ஒரு பேரிங்கைத் திருப்பினேன். தேய்ந்த இடத்தை நிரப்ப அதன் முதுகில் ஒரு தகரத் துண்டை வெட்டி வைத்திருந்தார்கள். முகப்பவுடர் டப்பாத் தகரம். கிழிந்தது போக மிச்சத்தில் பாதி ரோஜாப்பூ அப்படியே இருந்தது.

மணிக்குப் போன் செய்தேன். "பழைய சாமான்னா முன்னப்பின்னதான் தாயி இருக்கும்" என்று வைத்துவிட்டார். படகின் சொந்தக்காரர் எடுக்கவே இல்லை. போலீஸுக்குப் போகலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். சோலைராஜ் அந்தத் தகரத்தை வாங்கி, ரோஜாப்பூவின் மேலிருந்த எண்ணெயைச் சட்டையில் துடைத்தான். அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "நீங்க சத்தம் நல்லாருக்குன்னு சொன்னீங்களே பெரியம்மா."

எஞ்சின் ஆறும்வரையோ, 'ஆனா' என்று நான் தொடங்குவது முடியும்வரையோ பொறுத்திருக்கிற வாடிக்கையாளரை இந்தத் தொழிலில் நான் இன்னும் பார்க்கவில்லை.

செல்வி தன் ஊரிலேயே மீன் விற்கிறாள். சோலைராஜ் எழுமலையில், அந்த ஒன்றரை ஏக்கரை வாங்கியவரிடம், தினக்கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான்.