ஆல்டரேஷனுக்கு வராத சட்டைகள்

தைத்துக் கொடுத்த துணியோடு ஒருவர் திரும்பி வந்தால் மற்ற தையல்காரர்களுக்கு முகம் சுண்டிப்போகும். அவளுக்கு அப்படி ஆகாது. "எங்க இறுக்குது? கையத் தூக்குங்க. அரை இஞ்ச் விட்டா சரியாயிடும்" என்று கழுத்திலிருந்த டேப்பை உருவிவிடுவாள். எல்லாக் குறைக்கும் அவளிடம் அதே மருந்துதான் என்பதால் தெருவில் அவளுக்கு அரை இஞ்ச் அக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. முதல் தையல் தையல்காரி கேட்கிற கேள்வி, அதற்கு உடம்புதான் பதில் சொல்லவேண்டும் என்பது அவள் கட்சி.

மாடிப்படிக்குக் கீழே கடை. இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேசை, குனிந்தபடியே போய்வர வேண்டிய ஒரு மூலை. காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும் ஒரு அம்மாள் வருவாள். ஊசியைவிட வாய் வேகம்.

அவளுடைய அம்மா போய்வருகிற வழிபாட்டுக் கூடத்தின் பாட்டுக்குழுவுக்கு வருடா வருடம் அங்கி தைப்பதும் இவள்தான். இருபது போனால் பதினொன்று திரும்பி வரும். ஒருவருக்குக் கழுத்து இறுக்கி உச்சஸ்தாயி எழும்பவில்லை. ஒருவருக்கு நிறமே ஒத்துவரவில்லை. மூன்று வருடமாக அதைச் சொல்லிக்கொண்டே அதே நிறத்தைப் போட்டுப் பாடுகிறார்.

"கும்பிடப் போறது ஒண்ணா, சண்டைக்கு வர்றது தனித்தனியா!" என்பாள் காஜா அம்மாள்.

தம்பி அவளுக்கு ஒன்பது வயது இளையவன். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. அப்பா போனபிறகு இந்த மெஷின்தான் அவனைப் படிக்கவைத்தது. படிப்பு அவனுக்கு வேலையைக் கொடுப்பதற்கு முன்னால் கேள்விகளைக் கொடுத்தது. எதற்காக இவ்வளவு பாடு, செத்தபிறகு என்ன, நல்லவனாக இருப்பது என்றால் என்ன. அக்காவைக் கேட்டான். "நாளைக்கு டெலிவரி இருக்குடா, அப்புறம் பேசலாம்" என்றாள். அந்த அப்புறம் வரவேயில்லை. கூடத்துப் பெரியவரைக் கேட்டான். "எல்லாம் அந்தக் காலத்துலயே சொல்லிவச்சிட்டாங்கப்பா, உக்காரு" என்றார் அவர். பிறகு, வீட்டைவிட்டு வந்தவர்கள் சேர்ந்து வாழும் ஓரிடத்தில், கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்ததாம். எட்டு மாதத்துக்கு முன், 'நான் தெளிவா இருக்கேன், தேடாதீங்க' என்று எழுதிவைத்துவிட்டு அங்கே போனான். போன் அடங்கிவிட்டது. இரண்டு முறை வாசல்வரை போய்ப் பார்த்தாள். "அவர் மௌனத்துல இருக்கார்" என்று கேட்டைச் சாத்தினார்கள்.

"அவனும் சாமியத் தேடித்தானே போயிருக்கான்" என்று அம்மா தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

"அப்போ உங்க இடத்துக்கும் அதுக்கும் என்னம்மா வித்தியாசம்? விரதம், காணிக்கை, உடுப்பு எல்லாம் உங்களுக்கும்தானே இருக்கு."

"எங்களுது எத்தனை காலத்துப் பழசு!"

"பழசாகறதுக்கு முன்னாடி?"

கூடத்தைச் சேராத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காகச் சித்தியை ஆறு வருடம் படியேற்றாத கூடம் அது. இப்போது அதே சித்தி பாட்டுக்குழுவின் முன்வரிசையில் நிற்கிறாள். திரும்பி வரும் பதினொன்றில் அவள் அங்கியும் ஒன்று.

இப்படியிருக்கும்போது ஒருநாள் காலை, அதிர்ந்து பேசாத ஒரு மனிதர் கடைக்கு வந்தார். நாற்பது வெள்ளைச் சட்டை, முழுக்கை, பாக்கெட் வேண்டாம் என்றார். எந்த இடத்துக்கு என்று கேட்டாள், சொன்னார். தம்பி இருக்கும் இடம். அவர் அங்கே பொறுப்பாளர். இவள் யாரென்று அவருக்குத் தெரியாது. இவளும் சொல்லவில்லை.

அளவுப் பட்டியலில் பேர்கள் இல்லை, எண்கள்தான்.

"இது என்ன, ஜெயிலா?" என்றாள் காஜா அம்மாள், அவர் போனதும்.

"ஆஸ்பத்திரியிலயும்தான் நம்பர் போடுறாங்க."

"அங்க குணமானா வீட்டுக்கு அனுப்புவாங்க."

இருபத்து மூன்றாவது வரியில் அவள் விரல் நின்றது. வலது கை இருபத்து நான்கு, இடது கை இருபத்து மூன்றேகால். ஏழு வயதில் படியிலிருந்து விழுந்து முழங்கை உடைந்து, கொஞ்சம் குறைந்தே வளர்ந்த கை. வளர வளர எத்தனை சட்டையில் அந்தக் குறையைக் கணக்குப் பார்த்து வெட்டியிருப்பாள்! தம்பிதான். மார்பளவில் மூன்று இஞ்ச் இறங்கியிருந்தது.

சட்டைக்குள் சீட்டு வைத்துத் தைக்கலாமா என்று யோசித்தாள். அகப்பட்டால் அவனுக்குத்தான் ஆபத்து. கடைசியில் வேறொன்று செய்தாள். இடது கையையும் இருபத்து நான்காகவே வெட்டினாள். தெரிந்தே தப்பாக வெட்டுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும், கண்டிப்பாகக் குறை சொல்வான். ஒரு பட்டன் கோணல் என்று பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்று அடம்பிடித்தவன் ஆயிற்றே. சட்டை திரும்பி வந்தால், ஆளையும் வரச்சொல்லிவிடலாம்.

ஒரு மாதம் ஆயிற்று. எதுவும் வரவில்லை. அவன் சட்டை மட்டுமல்ல, நாற்பதில் ஒன்றுகூட வரவில்லை. நாற்பது பேருக்கு நாற்பதும் கச்சிதமாகப் பொருந்த, அவள் ஒன்றும் கடவுள் இல்லை. அப்போதுதான் அம்மாவிடம் கேட்ட கேள்வி வேறு பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. 'இது எனக்கு இறுக்குது' என்று சொல்லிவிட்டும் ஒருவர் அந்த இடத்தில் இருக்க முடிகிறதா? அம்மாவின் கூடத்தில் முடிகிறது. ஆனால் சித்தியை வெளியே நிறுத்திய அந்த ஆறு வருடம்? அப்போது அந்தக் கூடமும் இதுவும் ஒன்றுதானா? ஒரே இடம் ஒரு காலத்தில் அப்படியும் இன்னொரு காலத்தில் இப்படியும் இருக்குமோ? மெஷின் ஓட ஓட யோசித்தாள்.

பொறுப்பாளர் அடுத்த ஆர்டரோடு வந்தார். "எல்லாருக்கும் திருப்தி. குறையே இல்ல."

புதுப் பட்டியலை விரித்தாள். இருபத்து மூன்று: வலது கை இருபத்து நான்கு. இடது கை இருபத்து நான்கு.

சட்டைக்கு ஏற்றபடி கையை நீட்டிவிட்டார்கள்.

"இந்தத் தடவை நானே வந்து அளவெடுக்கணும். இல்லன்னா துணிய வெட்டமாட்டேன்."

"அளவுதான் எழுதியிருக்கே."

"தப்பா இருக்கு. துணி வீணாப்போனா நான் பொறுப்பில்ல."

துணி விலை அவரைச் சம்மதிக்கவைத்தது.

கழுவிவிட்ட நீளமான அறை. வரிசையாக நாற்பது பேர். எண்ணையும் அளவையும் தவிர வேறு பேச்சு கூடாது. நோட்டுப் புத்தகத்தோடு ஒருவன் அவள் பக்கத்திலேயே நின்றான். இருபத்து மூன்று வந்தது. கன்ன எலும்பு துருத்தியிருந்தது. அக்காவைப் பார்த்து ஒருகணம் கண் விரிந்தது. உடனே சுவருக்குப் போய்விட்டது.

"வலது இருபத்திநாலு. இடது இருபத்திமூணேகால்."

"இருபத்திநாலுன்னு இருக்கே?" என்றான் நோட்டுக்காரன்.

"இருபத்திநாலுதான்" என்றான் தம்பி, சுவரைப் பார்த்தபடி.

பத்து மாதம் கழித்து அவள் கேட்ட குரல் அது. அவன் கையை விடாமல், மணிக்கட்டு எலும்பில் கட்டைவிரலை அழுத்தி, டேப்பின் எண் அவனுக்குத் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள். குனிந்து பார்த்தான்.

"அடுத்தது" என்றான் நோட்டுக்காரன்.

மறுநாளே அங்கிருந்து ஆள் வந்து துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஆர்டர் வேறு கடைக்காம்.

"பேசினானா?" என்று அம்மா கேட்டாள்.

"தப்பா ஒரு நம்பர் சொன்னான்மா."

பதினோரு நாள் கழித்து, மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அம்மா கடையில் இருந்தாள்.

"என் கை உனக்குத் தெரியாதா? வேணும்னுதானே நீளமா தச்ச?"

அவள் மெஷினை நிறுத்தினாள். "ஆமாடா."

"கை நீளமா இருக்குன்னு சொன்னேன். குறை உடுப்புல இல்ல, உன் மனசுலன்னாங்க. மூணு நாள் மௌனம். அப்புறம் நானும் ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டேன்க்கா! நிம்மதியாத்தான் இருந்தேன். நீ வந்து டேப்ப காட்டிட்டுப் போயிட்ட. இப்ப எதப் பார்த்தாலும் அளந்து பார்க்கத் தோணுது. தூக்கமே வரல. எல்லாம் உன்னாலதான்..."

நிறுத்தவில்லை. 'டெலிவரி இருக்கு' என்று அவள் தட்டிக்கழித்ததிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டான்.

"யாருடி?" என்றாள் அம்மா.

"தம்பி."

அம்மா எழுந்தே விட்டாள். "என்ன சொல்றான்? வர்றானாமா?"

"தெரியலம்மா. குறை சொல்லித் திட்டுறான்."

அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஸ்பீக்கர்ல போடு."